ஆரியசாலைக் கிடங்கும் என் இடது காதும்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எழுந்தபோது என் இடது காது அடைத்திருந்தது. முந்தின நாள் தலைக்குக் குளித்திருந்தேன். தண்ணீர் புகுந்திருக்கும் என்று தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. மலையாளத்து ஆடியான கர்க்கடகத்தின் மழை ஒரு வாரமாகப் பெய்துகொண்டிருந்தது. வலியசாலையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சளியோடு இருந்தார்கள். எனக்கும் சளிதான் என்று முடிவு செய்துகொண்டேன். அடைப்புக்குள் மெல்லிய விசில் சத்தம் ஒன்று நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. யார் வீட்டிலோ குக்கரை அணைக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் ஒலிப்பதிவாளர். பதினான்கு வருடமாக இதுதான் என் தொழில். வீட்டின் பின்கட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை ஸ்டுடியோவாக மாற்றி வைத்திருக்கிறேன். கோயில் பாட்டு, கடை விளம்பரம், ஆவணப்படங்களுக்குப் பின்னணிக் குரல் என்று வேலைகள் வரும். சுவரெல்லாம் ஃபோம் ஒட்டியிருக்கிறேன், தரையில் இரண்டு அடுக்கு ஜமுக்காளம். தாழ்ந்த மச்சு. பேசுகிற குரலுக்கும் வீணைக்கும் அந்த அறை போதும்.

மறுநாள் புதன்கிழமை முதல் ஒரு ராக் பாண்டின் டிரம்ஸைப் பதிவு செய்வதாக இருந்தது. மூன்று பேர் கொண்ட பாண்ட், ஐந்து பாட்டு. கிதார் வாசித்துப் பாடுகிறவன் மலையாளி, பாட்டுகளை எழுதியதும் அவன்தான். பேஸ் வாசிக்கிறவன் பெங்களூரில் வேலை பார்த்தான், அவன் பங்கைப் பிறகு அங்கிருந்தே அனுப்புவதாக ஏற்பாடு. டிரம்மர் ஆரியசாலையில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. முப்பத்திநாலு வயது. மற்ற நாள்களில் பகல் முழுக்கக் கடையில் இருப்பான். என்னை அக்கா என்று கூப்பிடுவான், கிதார்க்காரனுக்கு நான் சேச்சி.

பதினான்கு வருடத்தில் டிரம்ஸ் பதிவு செய்யச் சொல்லி என்னிடம் யாரும் வந்ததில்லை. ஊரில் அந்த மாதிரி வேலை இரண்டு மூன்று ஆண்களுக்குத்தான் போகும். ஒரு பெண் ஸ்டாண்டுகளையும் கேபிள்களையும் இழுத்துக்கொண்டு ராக் பாண்ட் பதிவு செய்வாள் என்று யாருக்கும் தோன்றியதில்லை போலிருக்கிறது. இவர்களாகவே தேடி வந்தார்கள். காது அடைத்திருக்கிறது, ஒரு வாரம் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள் என்று பயந்தேன். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

எட்டு மைக் வைத்தேன். காலால் அடிக்கிற பெரிய டிரம்முக்குள் ஒன்று, ஸ்னேர் என்கிற சடசடக்கும் சின்ன டிரம்முக்கு மேலும் கீழும் ஒவ்வொன்று, மற்ற மூன்று டிரம்முக்கும் ஒவ்வொன்று, தலைக்கு மேலே இடதும் வலதுமாக இரண்டு. மேலே தொங்கும் அந்த இரண்டுதான் முக்கியம். பித்தளைத் தட்டான சிம்பல் எந்தப் பக்கம் இருக்கிறது, மொத்த டிரம்ஸும் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அவற்றில்தான் வரும். ஹெட்ஃபோன் மாட்டினால் இடது மைக் இடது காதில் கேட்கும், வலது மைக் வலது காதில். எனக்கு வலது மட்டும்தான் கேட்டது. இடது மைக்கின் அளவுமானி திரையில் ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்தேன். ஏறி இறங்கியது. அது போதும் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன். மூன்று நாள் அப்படியே போயிற்று.

அடுத்த புதன்கிழமை டிரம்மர் போன் செய்தான். போனை வலது காதில் வைத்துக்கொண்டேன். அதற்குள் அது பழக்கமாகியிருந்தது.

"அக்கா, ஒரு காரியம் சொன்னா கோவப்படாதீங்க கேட்டோ. நீங்க அனுப்பினத ஹெட்ஃபோன்ல கேட்டேன். இடது பக்கம் ஒரு கரகரப்பு இருக்கு."

"எந்தப் பாட்டுல?"

"எல்லாத்துலயும். முதல் பாட்டு முதல் கடைசி வரை."

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். ஸ்டுடியோவுக்குப் போய் இடது மைக்கை மட்டும் தனியாக ஓடவிட்டு, ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டிக்கொண்டு வலது காதால் கேட்டேன். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெறித்தது போலப் பொரிந்துகொண்டே இருந்தது. மழை ஈரத்தில் கேபிள் முனை கறுத்துப்போயிருந்திருக்கிறது. எந்தப் புதுப் பையனும் முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பான். நான் மூன்று நாள் அந்தச் சத்தத்துக்கு ஓர் அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். இடது மைக்கை நீக்கிவிட்டால் பாதி டிரம்ஸ் போய்விடும், வைத்துக்கொண்டால் பொரியும். ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

சாயங்காலம் அவனே மறுபடியும் கூப்பிட்டான். கிதார்க்காரனுக்கு இந்த டிரம்ஸ் சத்தமே பிடிக்கவில்லையாம்.

"அட்டைப்பெட்டியத் தட்டுற மாதிரி இருக்குன்னான். உங்கள ஒண்ணும் சொல்லல. ரூம் சின்னது அல்லே? எங்க கிடங்கு இப்ப காலியா கிடக்கு அக்கா. ஓணத்துச் சரக்கு வர்றது வரைக்கும் யாரும் வரமாட்டாங்க. அங்க எடுத்தா என்ன?"

அவன் சொன்னது சரிதான். சின்ன அறையில் அடித்த சத்தம் சுவரில் பட்டு உடனே மைக்குக்குத் திரும்பிவிடும். மச்சு தாழ்வாக இருந்தால் சிம்பலின் இரைச்சல் எல்லா மைக்கிலும் கொட்டும். அதைத் தடுக்க ஃபோம் ஒட்டினால் அது கூர்மையான சத்தத்தை மட்டும் தின்றுவிட்டு அடிக்குரலை விட்டுவிடும். மிச்சம் இருப்பது கிட்டத்தில் கேட்கிற, சின்னதாகிப்போன டிரம்ஸ். கம்ப்யூட்டரில் எதிரொலி சேர்த்தாலும் சேர்த்தது என்று தெரிந்துவிடும். பெரிய இடத்தில் அடித்தால்தான் பெரிய இடத்தின் காற்று அதில் வரும்.

ஆனால் நான் அப்போது இதையெல்லாம் யோசிக்கவில்லை. ஒரு வழி திறந்தது என்று மட்டும் தெரிந்தது. கேபிளைப் பற்றியும் காதைப் பற்றியும் ஒன்றும் சொல்லாமல், "நானும் அதையேதான் நெனச்சிண்டிருந்தேன், மொத்தமா திரும்ப எடுத்துடலாம்" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். கழக்கூட்டத்தில் ஒரு கணினி அலுவலகத்தில் வேலை அவருக்கு. மெதுவாகப் பேசுகிறவர்.

"மூணு தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்லையே நீ."

"போன்ல இருந்தேன்."

"போனை வெச்சப்பறம்தான் கூப்பிட்டேன். ஒரு வாரமாப் பாக்கறேன், தலையைச் சாய்ச்சுண்டே பேசறே. கிளம்பு, டாக்டர்ட்ட போகலாம்."

அன்றைக்கே போனோம். டாக்டர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்தார், காதுக்குப் பின்னால் வைத்தார். பிறகு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காதுப் பரிசோதனை எடுத்தார்கள். தாளில் வலது காதின் கோடு மேலே நேராக ஓடியது. இடதின் கோடு கீழே கிடந்தது.

"என்னைக்கு ஆரம்பிச்சது?"

"போன செவ்வாய்க்கிழமை."

"ஒன்பது நாளாச்சு. அன்னைக்கே ஏன் வரல?"

"சளின்னு நெனச்சேன்."

"இது சளி இல்ல. உள்காது நரம்பு திடீர்னு செயலிழந்திருக்கு. சிலருக்கு இப்படி வரும், காரணம் சொல்ல முடியாது. முதல் ரெண்டு வாரம்தான் முக்கியம்." சீட்டு எழுதிக்கொண்டே கேட்டார். "என்ன வேலை பார்க்கறீங்க?"

"ஒலிப்பதிவு."

பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அப்போ நீங்கதானே முதல்ல வந்திருக்கணும்" என்றார்.

ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். ஒரு வாரத்தில் திரும்பவில்லை என்றால் அடுத்த புதன்கிழமை செவிப்பறை வழியாக ஊசி போட வேண்டும், பெரிய சத்தம் பக்கத்திலேயே போகக்கூடாது என்றார். சரி என்று தலையாட்டினேன். தம்பானூர் வழியாகத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டின் அத்தனை ஹாரனும் வலது பக்கத்திலிருந்தே வந்தன. இடது பக்கம் உரசிக்கொண்டு ஒரு ஆட்டோ போனது. கண்ணில் பட்ட பிறகுதான் அங்கே ஆட்டோ இருந்தது தெரிந்தது. கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்குப் போனேன். நல்ல நீளமான கிடங்கு. செங்கல் சுவர், சிமெண்டுத் தரை, உயரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தெருப்பக்கம் இரும்பு ஷட்டர். மூட்டை ஒன்றும் இல்லை, பழைய சாக்கின் வாசனை மட்டும் இருந்தது. கடைகள் எல்லாம் அடைத்திருந்ததால் தெரு ஓரளவு அமைதி. டிரம்மர் நடுவில் டிரம்ஸைப் போட்டு ஸ்னேரை ஒரு தட்டுத் தட்டினான். அந்தச் சத்தம் மூலைக்கு மூலை ஓடிக் கூரையில் ஏறி இறங்கித் தேய்ந்தது.

"அடிபொளி" என்றான் கிதார்க்காரன்.

அவன் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கோ அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது. இரண்டு காது இருந்தால், ஒரு பெரிய இடத்தில் நின்றாலும், எது டிரம்ஸ், எது சுவரிலிருந்து வருவது என்று மண்டை தானாகப் பிரித்துக்கொள்ளும். ஒரு காதில் அது நடக்கவில்லை. அடித்ததும் அதன் எதிரொலியும் குழம்பாகக் கலந்து வந்தன. இடம் மோசமா, என் காது மோசமா என்று எனக்குத் தெரியவில்லை. மைக்கை முன்னால் நகர்த்தினேன், பின்னால் நகர்த்தினேன். ஒவ்வொரு முறையும் பெரிய டிரம்மை மிதித்தபோது ஷட்டர் கடகடவென்று ஆடியது. கைக்குக் கிடைத்த துணியைச் சொருகியும் அது நிற்கவில்லை. ஒரு மணி நேரத்தில் மழை வந்து கூரையில் கொட்ட, அன்றைய வேலை முடிந்தது. கிதார்க்காரன் கிளம்பிப் போனான்.

நான் குனிந்து கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது டிரம்மர் என் இடது பக்கம் நின்றிருந்தான்.

"அக்கா, நான் இப்ப என்ன சொன்னேன்?"

"மழைச் சத்தத்துல சரியா கேக்கலடா."

"மழை அப்பவே விட்டுடுச்சு." வலது பக்கமாகச் சுற்றி வந்து எதிரில் நின்றான். "உங்களுக்கு இந்தக் காது கேக்கலன்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்."

என்றைக்கிலிருந்து என்று கேட்டான், சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவன் பெரிய டிரம்மின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"நீ யார்ட்டயும் சொல்லாதே" என்றேன். "இது வெளில தெரிஞ்சா அப்பறம் எனக்கு ஒரு வேலையும் வராது. ஸ்டுடியோவை மூடிட வேண்டியதுதான். உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"விஷயம் நான் சொல்றதுல இல்ல அக்கா. உள்ள உக்காந்து வாசிக்கிறவனுக்கு அது வெளியில எப்படிக் கேக்குதுன்னு தெரியாது. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியலன்னா பின்னே யாருக்குத்தான் தெரியும்?"

பத்து வருடமாக அவன் கல்யாண வீட்டு மேடைகளிலும் கல்லூரி விழாக்களிலும் வாசித்திருக்கிறான். அவன் வாசித்தது என்று எடுத்துக் காட்ட ஒரு பதிவு கிடையாது. இந்த ஓணம் முடிந்ததும் அவன் அப்பா கடையை முழுக்க அவனிடம் விடப்போகிறார். அதை அவன் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றோ சொல்லுவேன் என்றோ எதுவும் பேசாமல் ஷட்டரை இறக்கிப் பூட்டினான்.

செவ்வாய் சாயங்காலம் டிவியில் மறுநாள் ஹர்த்தால் என்று சொன்னார்கள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. பத்து நிமிடத்தில் அவன் போன் வந்தது.

"நாளைக்கு ஒரு வண்டி ஓடாது அக்கா. ஒரு கடை திறக்காது. இந்த மாதிரி நாள் இனி கிடைக்காது. ஆனா இன்னைக்குப் பாதிச் சரக்கு வந்து இறங்கிடுச்சு. மிச்சம் நாளன்னைக்கு வந்துரும்."

மறுநாள்தான் புதன்கிழமை, எனக்கு ஊசி போட வேண்டிய நாள். ஆறு நாளாகத் தின்ற மாத்திரையில் என் முகம் வீங்கியிருந்தது. தூக்கம் இல்லை, நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தது, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்தது. காது கொஞ்சமும் திரும்பவில்லை. இந்தப் பதிவும் போய்விட்டால் கையில் ஒன்றுமே இருக்காது என்று ஒரே நினைப்பு. காலையில் கணவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தபோது, "ஹர்த்தால்னால நாளைக்கு மாத்தியிருக்காளாம், மெசேஜ் வந்தது" என்றேன். அவர் நம்பினார். நான் குடையை எடுத்துக்கொண்டு ஆரியசாலைக்கு நடந்தேன். சாலையில் நாய்கள் நடுவில் படுத்திருந்தன.

கிடங்கில் இடது பாதி முழுக்க அரிசி மூட்டை, ஆள் உயரத்துக்கு மேல். வேலையில்லாத நாளில் பொழுதுபோக்க வந்த மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளிகள் நான்கு பேர் மூட்டை மேல் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

டிரம்மர் தட்டிக் காட்டினான். ஞாயிற்றுக்கிழமை ஓடிய எதிரொலி பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. அரிசி குடித்துவிட்டது. ஒரு பக்கம் வெறும் சுவர், ஒரு பக்கம் மூட்டை என்பதால் சத்தம் கோணலாக வந்தது.

"மூட்டையை அவன் முதுகுக்குப் பின்னால அடுக்க முடியுமா?" என்று மூத்தவரிடம் கேட்டேன்.

"இன்னைக்கு முடியாது கேட்டியளா. ஹர்த்தால். எங்க யூனியனே கூப்பிட்டுட்டு நாங்களே மூட்டை தூக்கினா நாளைக்கு யாரு மூஞ்சில முழிக்க?"

"நாங்க தூக்கிக்கறோம்."

"அது அதைவிடத் தப்பு" என்றார், கோபமில்லாமல். இந்த ஊரில் மூட்டையை அவர்கள் யூனியன் ஆள்தான் தொடலாம்.

மூட்டையை நகர்த்த முடியாது. அப்படியானால் டிரம்ஸைத்தான் நகர்த்த வேண்டும். அவனை மூட்டைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தேன், எதிரில் வெறும் செங்கல் சுவர். ஒரே தாளத்தை நிறுத்தாமல் வாசி என்று சொல்லிவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தேன். அதைப் போட்டால் எனக்குப் பயம்தான் வந்தது. வலது காதை முன்னால் நீட்டிக்கொண்டு கிடங்குக்குள் அடிமேல் அடி வைத்து நடந்தேன்.

எங்கள் தொழிலில் மைக் வைக்க இடம் தேடும்போது சிலர் ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு நடப்பார்கள். மைக்குக்கு மண்டை கிடையாது, அது பிரித்துக் கேட்காது, ஆகவே ஒரு காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அதுதான் மைக்குக்கும் நன்றாக இருக்கும். நான் முன்பெல்லாம் அதைச் செய்ததில்லை. இப்போது பொத்தவே தேவையில்லாமல் இருந்தது. மூட்டைப் பக்கம் போனால் சத்தம் வறண்டது. நடுவில் நின்றால் பெரிய டிரம்மின் அடிக்குரல் திடீரென்று இல்லாமல் போனது. இரண்டு அடி தள்ளினால் திரும்ப வந்தது. சுவருக்கு மிக அருகில் போனால் வயிறு மட்டும் அதிர்ந்தது. டிரம்ஸிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடியில், சுவருக்குப் பாதித் தூரத்தில் ஓர் இடத்தில் எல்லாம் ஒன்றாகக் கூடியது. ஸ்னேரின் அறை முதலில் வந்து, சுவரின் பதில் ஒரு கணம் கழித்து வந்து அதைத் தள்ளிக்கொண்டு போனது. அங்கேயே அரைமணி நேரம் நின்றிருக்கலாம் போல இருந்தது. அந்த இடத்தில், என் காது உயரத்தில், குரலுக்கு வைத்திருந்த நல்ல மைக்கை நிறுத்தினேன். பெரிய டிரம்முக்கும் ஸ்னேருக்கும் மட்டும் பக்கத்தில் ஒவ்வொன்று. மொத்தம் மூன்று.

ஷட்டர் ஆடியது. நான் அதைக் கையால் பிடித்துப் பார்ப்பதை மூத்தவர் கவனித்தார். எழுந்து வந்து அதன் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். இன்னொருவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"இது வேலை இல்லையா?" என்று கேட்டேன்.

"சாஞ்சு உக்காந்தா வேலையாகுமா?" என்றார். ஷட்டர் நின்றுவிட்டது.

பதினொரு மணிக்குள் மூன்று பாட்டு முடிந்தது. கிதார்க்காரன் பைக்கில் குறுக்குச் சந்துகள் வழியாக வந்து சேர்ந்தான். மூன்று மைக் மட்டும் நிற்பதைப் பார்த்துவிட்டு ஸ்டாண்டுகளை எண்ணினான்.

"பாக்கி மைக் எவிடே சேச்சி?"

"இது போதும். கேட்டுப் பாரு."

"எல்லாம் நடுவில்தானே வரும்? இடது வலது என்று ஒன்றுமே இருக்காதே?" என்று மலையாளத்தில் கேட்டான். சரியான கேள்வி. இடது வலது பார்க்க என்னிடம் இடது இல்லை என்று சொல்ல முடியாமல், இப்படித்தான் உயிரோடு இருக்கிறது என்று ஏதோ சொன்னேன். அவன் தயக்கத்தோடு, சரி, நான்காவதை எடுங்கள் பார்க்கலாம் என்றான்.

நான்காவது பாட்டின் நடுவில் என் கணவர் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக உள்ளே வந்தார். நான் வேறெங்கும் போயிருக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. பதிவு நடக்கிறது என்று புரிந்து, குடையைக்கூட மடக்காமல் அப்படியே நின்றார். பாட்டு முடிந்து சிம்பல் முழுக்க அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"ஆஸ்பத்திரிலேந்து போன் பண்ணினா. பேஷண்ட் ஏன் வரலைன்னு கேட்டா. ஒரு மணி வரைக்கும் டாக்டர் இருப்பாராம். வா, போகலாம்."

"எந்து ஆஸ்பத்திரி?" என்றான் கிதார்க்காரன்.

டிரம்மர் குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு இடது காது கேக்கலை" என்றேன். "இன்னியோட பதினாறு நாள்."

அவன் மனதுக்குள் நாள்களை எண்ணுவது முகத்தில் தெரிந்தது. "அப்போ ஸ்டுடியோவில் எடுத்தது?"

"அப்பவும் கேக்கலை. ஒரு கேபிள் போயிருந்தது, எனக்குத் தெரியலை. அதனாலதான் திரும்ப எடுக்கலாம்னு சொன்னேன்."

"நான் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தேன்" என்றான். பிறகு டிரம்மரைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்றான். அவன் தலையாட்டினான். கிதார்க்காரன் கத்தவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, "ஃபைல் எல்லாம் எனக்கு அனுப்பிவிடுங்கள் சேச்சி. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன்பிறகு இன்றுவரை அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கணவர் மறுபடியும் வா என்றார்.

"இன்னும் ஒரு பாட்டு இருக்கு."

"அக்கா, போங்க" என்றான் டிரம்மர். "நான் வாசிக்கல."

"வாசி."

"மாட்டேன். மணி பன்னிரண்டு ஆகப்போகுது. போங்க."

அப்போது எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. மாத்திரையின் மேல் பழி போடலாம். வீட்டில் ஒருபோதும் பேசியிராத குரலில் அவனைத் திட்டினேன். என் காது போயாச்சு, அது வரப்போறதில்லை, நீயும் எழுந்து போயிட்டா இந்தப் பதினாறு நாளுக்கு என்ன அர்த்தம், உக்காந்து வாசி என்றேன். ஷட்டரில் சாய்ந்திருந்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். என் கணவர் குடையை மடக்கி ஒரு மூட்டையில் சாய்த்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவன் வாசித்தான். முதல் முறை பாதியில் மழை வந்து கெட்டுப்போனது. மழை விடக் காத்திருந்தோம். இரண்டாம் முறை வாசித்தபோது கோபத்தில் ஒவ்வொரு அடியும் செங்கல்லைப் பெயர்க்கிற மாதிரி விழுந்தது. முடித்ததும் குச்சிகளைப் பைக்குள் போட்டான். மணி ஒன்று இருபது.

டாக்டர் போய்விட்டிருந்தார். அடுத்த தேதி திங்கட்கிழமைதான் கிடைத்தது. திங்கள், வியாழன், அதற்கடுத்த திங்கள் என்று மூன்று ஊசி. செவிப்பறையில் ஊசி இறங்கும்போது தலை சுற்றி, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். கணவர் ஒவ்வொரு முறையும் கூட வந்தார். அந்தப் புதன்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"அஞ்சு நாள் முன்னாடி போட்டிருந்தா?" என்று நானே டாக்டரிடம் கேட்டேன்.

"சொல்ல முடியாது" என்றார். "முதல் ஒன்பது நாளைத்தான் நான் அதிகமா நினைப்பேன்."

கிதார்க்காரன் பதிவுகளைக் கொச்சியில் ஒருவரிடம் கொடுத்தான். டிரம்மர்தான் போனில் சொன்னான். மூன்று பாட்டில் அந்தத் தூரத்து மைக்கை அப்படியே வைத்திருக்கிறார்களாம். மற்ற இரண்டில் இவன் அடித்த அடிகளை எடுத்துவிட்டு, அதே நேரத்தில் அதே இடத்தில் கம்ப்யூட்டரில் இருக்கிற வேறு யாருடைய டிரம்ஸ் சத்தத்தையோ பொருத்தியிருக்கிறார்கள். கடைசியாகக் கோபத்தோடு வாசித்த பாட்டு அந்த இரண்டில் ஒன்று.

"தாளம் உன்னோடதுதானே" என்றேன்.

"தாளம் என்னோடது. சத்தம் என்னோடது இல்ல" என்றான். "பரவால்ல அக்கா. மூணு இருக்கே."

பின்னால் கடைக்கூட்டம் கேட்டது. யாரோ பொன்னி அரிசி கேட்டார்கள். அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிட்டான்.

மூன்றாவது ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துக் கடைசிப் பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தேன். வெளியே ஒரு பெண் கருவியைத் திருகிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டால் கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும், எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் அமுக்க வேண்டும். வலது காது முடிந்தது. இடதுக்கு மாற்றினாள். விசில் சத்தத்துக்கு நடுவே தூரத்தில் ஒன்று கேட்டது. அமுக்கினேன். இன்னொன்று கேட்டது. அமுக்கினேன். திரும்பி வந்துவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வரிசையாக ஏழெட்டு முறை அமுக்கியிருப்பேன்.

அவள் கதவைத் திறந்து, என் வலது பக்கமாக வந்து குனிந்தாள்.

"மேடம், நான் இன்னும் ஒண்ணும் கொடுக்க ஆரம்பிக்கல."

"ஸாரி" என்றேன்.

"பரவால்ல. திரும்ப முதல்லேருந்து பாக்கலாம்."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நான் பொத்தானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிஜமாகக் கேட்டால் மட்டும் அமுக்குவது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.